பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டை ஊர் சேர்ந்து மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா ஊரிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். திண்ணைத் தூண் சாய்ந்திருக்கும், ஓடு சரிந்திருக்கும், முற்றத்துச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். வாரிசுகள் வெளியூரில் இருப்பார்கள். "இதை ஒரு நூலகமாகவாவது ஆக்கலாமே" என்று ஆண்டுக்கு ஒருமுறை யாராவது சொல்வார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். நாங்கள் சிலர் அந்தப் பேச்சை வேலையாக மாற்றியவர்கள். முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றை ஊருக்கான வாசகசாலையாக ஆக்கும் வேலையில் கற்றதை, பலரும் கேட்ட கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறோம். சட்டம், பணம் பற்றிய பதில்கள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். கூரை, சுண்ணாம்பு பற்றியவை பழைய வீடு உள்ள எந்த ஊருக்கும் உதவும்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதை நிறுத்துங்கள். குழு, பெயர்ப் பலகை, கூட்டம் எல்லாம் அப்புறம்.

பழைய வீட்டை விழவைப்பது வயது அல்ல, தண்ணீர். ஓர் ஓடு உடைகிறது. அதற்குக் கீழே இருக்கும் கைமரம் நனைந்து உளுக்கிறது. அடுத்து உத்தரம், அதிலும் சுவருக்குள் செருகியிருக்கும் முனை, அழுகுகிறது. உத்தரம் இறங்கியதும் சுவரின் தலை திறந்துகொள்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு மழையும் நேராகச் சாந்துக்குள் இறங்கும். உடைந்த ஓட்டை மாற்ற ஒரு நாள் போதும். அதை விட்டுவிட்டால் சில ஐப்பசிகளில் ஓர் அறையே போய்விடும்.

2025 மார்ச்சில் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டின் மேல்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யாழ்ப்பாணம் நல்லூரில் மந்திரி மனை என்னும் பழைய மாளிகையின் ஒரு பகுதி மழையில் சரிந்தது. முதலாவது அரசின் நினைவில்லம். இரண்டாவதைக் காக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் குரல் எழுந்துகொண்டிருந்தது. இரண்டுமே பெயர் பெற்ற வீடுகள். அவற்றுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத வீட்டுக்கு அடுத்த மழைக்காலம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வீட்டுக்காரரிடம் ஒரே ஓர் அனுமதி கேளுங்கள்: மேலே ஏறி ஓடு மாற்ற, தார்ப்பாய் போட, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியைத் தூர்வார. இதற்கு மறுப்பவர்கள் குறைவு. ஒன்று மட்டும் கவனம். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வரும். தண்டை அறுத்து, வேரை மருந்து வைத்துச் சாகடித்து, காய்ந்த பிறகு எடுத்துவிட்டு அந்த இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

வீடு யாருடையது என்றே தெரியவில்லையே?

தாளில் தேடுவது ஒரு பக்கம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, வருவாய்த் துறையில் பட்டா, பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ வீட்டு வரி ரசீது யார் பெயரில் போகிறது என்ற விவரம், மின் இணைப்பின் பெயர். பெரும்பாலும் நான்கிலும் நான்கு பெயர் வரும், அதில் இரண்டு பேர் காலமாகியிருப்பார்கள்.

ஆட்களைத் தேடுவதுதான் பலன் தரும். பழைய தபால்காரர், கோயில் கணக்கர், எதிர்வீட்டுப் பாட்டி ஆகியோரிடம் கேளுங்கள். குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். அந்த நாளுக்குக் காத்திருங்கள். செட்டிநாட்டில் ஒரே வீட்டில் பங்காளிகள் பலருக்கும் தனித்தனி அறையும் சாவியும் இருக்கும். முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் கூடும் நாளில் பேசினால் முடியும் காரியம், தனித்தனியாகத் தொலைபேசியில் பேசினால் பத்து வருடம் இழுக்கும்.

பங்காளிகளில் ஒருவர் மட்டும் "நான் பார்த்துக்கொள்கிறேன், வேலையை ஆரம்பியுங்கள்" என்றால் ஆரம்பிக்காதீர்கள். எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும், அல்லது மற்றவர்கள் அவருக்குப் பதிவு செய்து கொடுத்த அதிகாரப் பத்திரம் வேண்டும்.

விற்க மனமில்லை, ஆனால் ஊர் பயன்படுத்தலாம் என்கிறார்கள். போதுமா?

போதும், எழுத்தில் இருந்தால். எங்களைக் கேட்டால், விலைக்கு வாங்குவதைவிட நீண்டகாலக் குத்தகை பல ஊர்களுக்கு நல்லது. பணம் நிலத்தில் முடங்காது. தாத்தா வீடு கைவிட்டுப் போனது என்ற வருத்தம் குடும்பத்துக்கும் இருக்காது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று எழுதினால் நன்கொடையாளர்கள் யோசிப்பார்கள், கூரைக்குப் போடும் மரமே அதைவிட நீண்ட நாள் நிற்கும். இருபது, முப்பது வருடம் கேளுங்கள். உரிமையாளர் காலமானால் வாரிசுகளையும் பத்திரம் கட்டுப்படுத்துமா, பெரிய பழுது யார் செலவு, நடுவில் முறிந்தால் நாம் செய்த வேலைக்கு என்ன கணக்கு, பூஜை அறையும் குடும்பப் படங்களும் யார் பொறுப்பில் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுவார்கள். ஒப்பந்தங்கள் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

கையெழுத்துப் போட நம் பக்கமும் ஓர் அமைப்பு வேண்டும். அறக்கட்டளையாகவும் பதியலாம், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமாகவும் பதியலாம். ஊர்ப் பொது வீட்டுக்குச் சங்கம்தான் சரி என்பது என் கருத்து. ஆண்டுக் கூட்டம், தேர்தல், கணக்கு வாசிப்பு எல்லாம் அதில் கட்டாயம். ஒரு குடும்பத்தின் கையிலிருந்து இன்னொரு குடும்பத்தின் கைக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

அரசு 'பாரம்பரியக் கட்டடம்' என்று அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

அறிவிப்பு இடிப்பதைத் தடுக்கலாம். ஓடு மாற்றித் தராது.

மத்தியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக வேண்டுமென்றால் நூறு ஆண்டுப் பழமை மட்டும் போதாது, தேசிய முக்கியத்துவமும் வேண்டும். அப்படி அறிவித்தால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். சாதாரணத் தெரு வீட்டுக்கு இது பொருந்தாது. ஆனால் "தொல்லியல் துறை வந்து எடுத்துக்கொள்ளும்" என்ற வதந்தி கிளம்பினால், பயந்துபோய் அவசரமாக இடிக்கிறவர்கள் உண்டு. ஆகவே மனு எழுதுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

சென்னையில் நிலைமை வேறு. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் வீடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலம் முழுவதற்குமான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது.

சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடியுமே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

பழைய சுவர் செங்கல்லும் மண்சாந்தும், அல்லது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஓதம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெயிலில் காய்ந்து வெளியே போய்விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று மேலே ஏறுகிறது. முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் தோள் உயரத்துக்கு வருகிறது. உப்புப் பூக்கிறது, செங்கல் மாவாக உதிர்கிறது. வெளியே சுவர் பளிச்சென்று இருக்கும். சில வருடங்களில் சிமெண்ட் பூச்சு பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகமும் அதோடு வந்துவிடும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கெடுதலைத்தான் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது. சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, தொட்டியில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். பூசியபின் நாள்கணக்கில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மினுங்கவைத்தார்கள். அது தனிக்கலை. வாசகசாலைச் சுவருக்கு அது தேவையில்லை, சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சே போதும் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் இதே தவறு நடக்கிறது. தேக்குச் சட்டங்களின் மேல் அச்சுக்கல் என்னும் சின்னச் செங்கல்லைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய தளம் அது. மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதிப்பார்கள். ஒழுகுகிறது என்று அதன்மேல் சிமெண்ட் காங்கிரீட் கொட்டினால் பாரம் கூடும், சட்டம் வளையும், விரிசல் பெரிதாகும், மறுபடி ஒழுகும். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, விரிசலைச் சுண்ணாம்பால் அடைத்து, திரும்பப் பதிப்பதே சரி.

இந்த வேலை தெரிந்த கொத்தனார் இப்போது கிடைப்பார்களா?

கிடைப்பார்கள். காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரியிலும் சுண்ணாம்பு வேலை விட்டுப்போகவில்லை, கோயில் திருப்பணி செய்கிறவர்களிலும் இருக்கிறார்கள். வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து, உள்ளூர் இளைஞர்கள் இரண்டு பேரை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். மூவருக்கும் முழுக் கூலி கொடுங்கள். பின்கட்டில் ஒரு சுவரில் சின்ன இடம் பூசிப் பார்த்து, ஒரு மழை கழித்து அதைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வாருங்கள்.

ஊர்க்காரர்களே இறங்கி வேலை செய்யலாமா?

குப்பை அள்ளலாம், ஓடுகளைத் துடைத்து அடுக்கலாம், கதவுகளுக்கு எண்ணெய் போடலாம், அளவெடுத்துப் படம் பிடிக்கலாம். உத்தரம், கூரை, மின்சாரம் மூன்றிலும் தெரியாதவர்கள் கை வைக்க வேண்டாம். நிலைகுலைந்த அறைக்குள் பள்ளிப் பிள்ளைகளைச் 'சேவை' என்று அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து. பொறியாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் கொடுக்கும்வரை உள்ளே கூட்டம் சேரக் கூடாது.

தூக்கிப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். எங்கள் ஆட்கள் குப்பை என்று ஒதுக்கிய மரத்துண்டு, உடைந்துபோன ஊஞ்சலின் ஒரு பகுதி என்று பிறகுதான் தெரிந்தது.

பணம் எங்கிருந்து வரும்?

மொத்தத்தையும் திரட்டிவிட்டு ஆரம்பிக்கலாம் என்றால் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். கூரை, சுவர், தரை, பயன்பாட்டு வசதி என்று கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தை உள்ளூர்ப் பணத்தில் முடித்துவிட்டு, அதைக் காட்டி அடுத்த கட்டத்துக்குக் கேளுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஒரு வழி. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதும் பொது நூலகம் அமைப்பதும் வெளிப்படையாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டப்படி தொண்டு அமைப்புக்கான பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவும் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி), இதே போன்ற வேலையில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். நேற்றுப் பதிந்த சங்கத்துக்குக் கிடைக்காது. இப்போதே பதிந்துவையுங்கள், அல்லது அனுபவமுள்ள அமைப்பு ஒன்றோடு சேருங்கள்.

கட்டடம் உள்ளாட்சியின் சொத்தாக இருந்தால் நமக்கு நாமே திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் திட்டம் அது. தனியார் வீட்டுக்கு வராது.

வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் கவனமாக இருங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், அவர் நம் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சரி. அதற்குரிய மத்திய அரசுப் பதிவு இல்லாமல் சங்கத்தின் கணக்கில் வாங்காதீர்கள்.

வரவு செலவை மாதாமாதம் திண்ணையில் எழுதி ஒட்டுங்கள். நூறு ரூபாய் கொடுத்தவரும் வந்து படிப்பார்.

சீரமைத்து முடித்தபின் எதற்குப் பயன்படுத்துவது?

வேலை முடிந்தபின் யோசிக்கும் விஷயம் இல்லை இது. காலையில் கதவைத் திறக்கப்போவது யார், உள்ளே வரப்போவது யார் என்று தெரியாமல் ஒரு மூட்டைச் சுண்ணாம்புகூட வாங்காதீர்கள். சீரமைத்துப் பூட்டிய வீடு, சீரமைக்காத வீட்டைப் போலவே கரையானுக்குப் போகும்.

பொறுப்பேற்க ஓர் அமைப்பு கிடைத்தால் எவ்வளவு சுலபம் என்பதற்குக் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த ஓட்டு வீட்டைப் பாருங்கள். சாஸ்திரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பராமரிக்கிறது, 2003 முதல் நினைவில்லமாக இருக்கிறது. திருவல்லிக்கேணியில் பாரதி கடைசி நாள்களில் குடியிருந்த வீட்டை 1993-இல் தமிழக அரசு வாங்கி நினைவில்லமாக்கியது. அப்படி ஒருவர் பெயரால் அறியப்படாத வீட்டுக்கு, சுவரில் படம் மாட்டிய கண்காட்சியைவிட அன்றாடப் பயன்பாடுதான் ஆயுள். வாசகசாலை, மாலை நேரப் படிப்பு, தையல் வகுப்பு, மருத்துவ முகாம், சின்னக் கச்சேரி. முற்றமும் தாழ்வாரமும் உள்ள வீடு இதற்கெல்லாம் இயல்பாகவே இடம் கொடுக்கும்.

வாடகை வரும் ஒரு பகுதியும் இருக்கட்டும். மலேசியாவின் பினாங்கில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த நிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சஃபோக் மாளிகை, ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகை, பின்னர் மெதடிஸ்ட் பள்ளியின் கட்டடம். 1975-இல் பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டுக் கூரையிழந்து பாழானது. பாரம்பரிய ஆர்வலர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். மாநில அரசு பள்ளிக்கு வேறு நிலம் கொடுத்து இதை வாங்கிக்கொண்டது. ஒரு வங்கி நிதி தந்தது. 2007-இல் வேலை முடிந்து, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அதன் பிறகு அங்கே உணவகமும் நடந்தது. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அடுப்பெரியும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும், ஒழுகினால் உடனே தெரியும்.

ஒரு வீடு இல்லை, தெருவே அப்படிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

புதுச்சேரி வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். பழைய தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீடுகள் நிறைந்த வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து வீதியின் முகப்புகளை மீட்டது. 2008-இல் இதற்கும் யுனெஸ்கோ விருது கிடைத்தது. எங்களுக்கு அதில் பிடித்தது, யாரையும் வெளியேற்றாமல் குடியிருப்பவர்களின் வீடாகவே வைத்து அதைச் செய்ததுதான்.

அந்த வீட்டுக்குள் எங்கள் தாத்தாவை விட்டதே இல்லை. அதை நாங்கள் ஏன் காப்பாற்ற வேண்டும்?

கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. இப்படிக் கேட்பவரிடம் கோபப்படக் கூடாது. பல பழைய வீடுகளில் திண்ணை வரை ஒருவர், வாசலுக்கு வெளியே ஒருவர், கொல்லைப்புறம் மட்டும் ஒருவர் என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு "நம் பாரம்பரியம்" என்று பேசினால் அந்த வீடு இன்னொரு முறை பொய் சொல்கிறது.

கட்டியவரின் படத்தை மாட்டும் சுவரில், கல் சுமந்தவர், தளம் தட்டிய பெண்கள், கொல்லை வழியாக வந்துபோனவர்கள் ஆகியோரின் கதையையும் எழுதி வையுங்கள். ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். சாவி வைத்திருக்கும் குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்க வேண்டும். அது முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும், திறப்பு விழாவுக்கு அழைத்தால் போதாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தையும் கொல்லைப் பக்கம் வைத்துவிடாதீர்கள். திண்ணை உயரமாக இருந்தால் மரத்தில் கழற்றி மாட்டும்படி செய்யலாம். வருகிறவர் எல்லாரும் முன்வாசல் வழியாகவே வரட்டும்.

அன்று கேள்வி கேட்டவர் இப்போது எங்கள் சங்கத்தின் பொருளாளர்.

பாதி இடிந்துவிட்டது. இனி மீட்க முடியுமா?

எது நிற்கிறது என்பதைப் பொறுத்தது. புதுச்சேரி கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் முழுதாகவே இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அது வேறு கட்டடம், செலவும் அரசால் மட்டுமே தாங்கக்கூடியது. ஊர்ச் சங்கமாக இருந்தால் இடியாமல் நிற்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த பகுதியின் தூண், கதவு, கல் ஆகியவற்றை எண் போட்டு உள்ளே அடுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பழைய சாமான் கடைக்குப் போய்விடும்.

சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

நடந்து வரும் தூரத்தில் இருக்கும் இரண்டு பேரிடம். ஒருவர் பெண்ணாக இருந்தால் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீட்டில் தைரியமாக அனுப்புவார்கள். தினமும் திறக்க ஆள் இல்லாத மாதங்களிலும் வாரம் இருமுறை எல்லா சன்னலையும் திறந்து காற்று விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை பெய்த மறுநாள் காலை இரண்டு பேரும் டார்ச்சோடு உள்ளே போய், ஒவ்வோர் அறையிலும் உத்தரத்தின் முனை சுவரில் சேரும் இடத்தைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சாக்பீசால் வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்கு வட்டத்தைத் தாண்டியிருந்தால் அன்றே ஓடு மாற்றும் ஆளைக் கூப்பிடுங்கள்.